கந்து வட்டி: சட்டம் எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது

“கந்து வட்டி கேட்டு மிரட்டியவர் கைது” என்று ஒரு செய்தி வரும். சில மாதம் கழித்து அதே ஆள் ஜாமீனில் வெளியே வந்து, கடன் வாங்கியவர் மேல் செக் மோசடி வழக்குப் போடுவார். கோர்ட்டும் அதை எடுத்துக்கொண்டு சம்மன் அனுப்பும். செய்தியைத் தொடர்ந்து படிப்பவருக்குத் தலை சுற்றும். கந்து வட்டி குற்றம் என்றால் அந்தக் கடன் எப்படிச் செல்லும்? கடன் செல்லும் என்றால் முதலில் எதற்குக் கைது?

சட்டத்தின் பார்வையில் குற்றம் என்பது வட்டியும் அதை வசூலிக்கும் விதமும்தான். கடன் குற்றமல்ல, வாங்கிய அசல் அப்படியே நிற்கும். குழப்பத்தில் பாதிக்குக் காரணம் இது. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. கொடுத்தவர் வாங்கும் உண்மையான வட்டி எந்தக் காகிதத்திலும் ஏறுவதே இல்லை. வழக்கு நடப்பதோ காகிதத்தை வைத்து.

முதலில் வட்டிக் கணக்கு

பேங்க் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்லும். ஊரில் வட்டி பேசுவது மாதக் கணக்கில். “ரெண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். அதையே ரூபாய்க்கு ரெண்டு பைசா என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36, ஐந்து வட்டி 60, பத்து வட்டி 120 சதவீதம். பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் இல்லாததால்தான் “அஞ்சு வட்டிதானே” என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடிகிறது.

கந்து என்றால் தவணை. தவணையில் வசூலிக்கிற, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிற கடனுக்கு வந்த பெயர் நாளாவட்டத்தில் எல்லாக் கொடும் வட்டிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. இதன் வகைகளில் தண்டலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வட்டி எங்கே ஒளிந்துகொள்கிறது என்பது அதில்தான் நன்றாகத் தெரியும்.

காய்கறிக் கடை போடுகிற ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைப்பது 8,500. மீதி 1,500 வட்டி என்று அப்போதே பிடித்துவிடுவார்கள். ஒரு சின்ன அட்டையில் நூறு கட்டம் போட்டுக் கொடுப்பார்கள். தினமும் சாயங்காலம் வண்டியில் ஒரு பையன் வருவான், நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். நூறு நாளில் பத்தாயிரம் முடிந்துவிடும்.

கேட்டால் “பதினஞ்சு சதவீதம்தான்” என்பார்கள். அது தப்புக் கணக்கு. முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. நூறு நாளுக்கும் சராசரியாகப் பார்த்தால் கடைக்காரர் கையில் இருந்த கடன் 4,250 ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. தினசரி பாக்கியை வைத்துச் சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம் வருகிறது. அதாவது தண்டலும் பத்து வட்டியும் ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு.

மீட்டர் வட்டி இன்னும் மோசம். குறித்த நேரத்துக்குள் கட்டாவிட்டால் ஆட்டோ மீட்டர் மாதிரி வட்டி ஏறிக்கொண்டே போகும். ரன் வட்டி, ராக்கெட் வட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சூட்சுமம் இரண்டுதான்: முன்பிடித்தம், கெடு தவறினால் ஏற்றம்.

சட்டம் வந்த வழி

கடன் கொடுக்கல் வாங்கல் நம் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் கேரளத்துக்கு ஒரு சட்டம், மகாராஷ்டிரத்துக்கு ஒரு சட்டம், தமிழ்நாட்டுக்கு வேறு சட்டம். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

வட்டிக்கு உச்ச வரம்பு வைப்பதில் அரசாங்கங்கள் முன்னும் பின்னுமாகவே போயிருக்கின்றன. 1855-இல் ஆங்கிலேய அரசு அதுவரை இருந்த வட்டி வரம்புகளை ஒரு சட்டம் போட்டு நீக்கியது. இரண்டு பேர் ஒப்புக்கொண்ட வட்டி எதுவோ அதுவே செல்லும் என்ற நிலை வந்தது. அதன் விளைவுகளைப் பார்த்த பிறகு 1918-இல் கொடும் வட்டிக் கடன் சட்டம் வந்தது. வட்டி அளவுக்கு மீறியது, பேரமும் நியாயமற்றது என்று நீதிபதிக்குத் தோன்றினால் அவர் அந்தக் கணக்கையே பிரித்துப் பார்க்கலாம். அதிக வட்டியைத் தள்ளலாம், ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தரவும் சொல்லலாம். எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு வராத எக்ஸ்பார்ட்டி வழக்கிலும் நீதிபதி இப்படிச் செய்யலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நூறு வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கும் இந்தச் சட்டத்தை எதிர்வாதத்தில் எடுத்து வைப்பவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் துணிச்சலானது. பழைய விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டியை அது துடைத்துவிட்டது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளச் சொன்னது. அசலுக்கு மேல் வட்டி வளரக்கூடாது என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டின் சாயல் அதில் இருந்தது. இன்றைக்குப் பொதுவான கடனுக்கு அப்படி ஒரு விதி தமிழ்நாட்டில் இல்லை. “ரெண்டு மடங்கு கட்டியாச்சு, இனி கட்ட வேண்டாம்” என்று யாராவது சொன்னால், அது அந்தக் காலத்து நினைவின் மிச்சம்.

1957: லைசென்ஸும் வரம்பும்

தமிழ்நாடு வட்டிக்கடைக்காரர்கள் சட்டம் 1957-இல் வந்தது. வட்டிக்குக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவர் தாசில்தாரிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அரசு அறிவிக்கும் விகிதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. அந்த விகிதம் ஆண்டுக்கு 12 சதவீதம், அதுவும் தனி வட்டி. நம் பேச்சில் சொன்னால் ஒரு வட்டி. நகை அடகுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது இந்தக் கட்டுரையில் வராது.

இதில் இரண்டு வரையறைகள் முக்கியம்.

1. அசல் என்றால் கையில் உண்மையில் கொடுத்த தொகை. எழுதிய தொகை அல்ல. மேலே பார்த்த தண்டலில் அசல் 8,500.

2. வட்டி என்றால் அசலுக்கு மேல் வாங்கும் எதுவும். டாக்குமென்ட் சார்ஜ், கமிஷன், பேனல்டி என்று என்ன பெயர் வைத்தாலும் அது வட்டிதான்.

ஊரில் “நியாயமான வட்டி” என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ரெண்டு வட்டியே இந்த வரம்பைப் போல் இரண்டு மடங்கு. சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும்போது சட்டம் எப்படிப் பிடிக்கும்? பெரும்பாலும் பிடிப்பதில்லை. நாலு பேருக்குத் தெரிந்து லைசென்ஸ் எடுத்துத் தொழில் செய்பவர் கண்ணுக்குப் படுவார், சட்டைப் பையில் நோட்டு வைத்துக்கொண்டு கொடுப்பவர் படமாட்டார்.

2003: குற்றம் என்று பெயர் வைத்தது

2003 மே மாதம் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். சினிமாவுக்குப் பணம் புரட்டும் முறை பற்றியும் கந்து வட்டி பற்றியும் பேச்சு சூடாகக் கிளம்பியது. அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. அதுதான் பிறகு தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003 ஆனது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. சட்டம் எழுதியவர்களுக்கு இங்கிலீஷில் அதற்குச் சரியான சொல் கிடைக்கவில்லை போலும். நாள் வட்டி, மணி வட்டிக்கும் வரையறை உண்டு.

சட்டத்தின் முக்கிய உறுப்புகள் நான்கு.

1. அதீத வட்டி, அதாவது 1957 சட்டத்தில் பார்த்த அந்த 12 சதவீதத்துக்கு மேல், வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 1957 சட்டம் தொழில் செய்பவரைப் பிடித்தது. இது “எந்த நபரும்” என்று தொடங்குகிறது. லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை.

2. வசூலுக்காகத் தொல்லை கொடுப்பதும், கொடுக்கத் தூண்டுவதும் அதே தண்டனைக்குரிய குற்றம். ஆளை அனுப்பி மிரட்டினாலும், அனுப்பியவர் தப்ப முடியாது.

3. கடன் வாங்கியவர், பாக்கித் தொகையை அரசு நிர்ணயித்த வட்டியோடு சேர்த்துக் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போடலாம். கொடுத்தவர் வாங்க மறுத்தாலும் கோர்ட் விசாரித்துப் பதிவு செய்யும்.

4. கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்பு அவர்கள் தொல்லைக்கு ஆளானது நிரூபணமானால், தொல்லை கொடுத்தவர் தற்கொலைக்குத் தூண்டியதாகவே சட்டம் கருதும். அந்தக் குற்றத்துக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை.

இந்த நான்கில் மூன்றாவதுதான் கடனாளிக்கு உண்மையில் உதவக்கூடியது என்பது என் எண்ணம். ஆனால் அதைப் பயன்படுத்த மொத்தமாகக் கையில் பணம் வேண்டும். கந்து வட்டியில் மாட்டியவரிடம் இல்லாத ஒரே பொருள் அது.

சட்டம் வந்த பிறகு எல்லாம் மாறியதா என்றால், இல்லை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தீயில் கருகினார்கள்; நால்வருமே பிழைக்கவில்லை. கந்து வட்டி பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. 2022-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு போலீஸ்காரரே கடன் தொல்லையில் இறந்தார். அதையடுத்து அந்த ஜூன் மாதம் டி.ஜி.பி. சைலேந்திரபாபு ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று மாநிலம் முழுக்கச் சோதனைக்கு உத்தரவிட்டார். வெற்று புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட செக்கும் கட்டுக்கட்டாகப் பிடிபட்ட செய்திகள் வந்தன. ஏன் அவற்றைத் தேடினார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அசல் நிற்கும், வட்டி இளைக்கும்

வட்டி சட்டவிரோதம் என்பதால் கடன் ரத்தாகிவிடாது. ஆனால் வட்டி விகிதம் மாறினால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் சட்டம் கடனாளிக்கு என்ன தருகிறது என்பது தெரியும்.

50,000 ரூபாய் கடன், பத்து வட்டி. மாதம் 5,000 கட்டுகிறார். பதினோரு மாதத்தில் 55,000 கட்டியாயிற்று. கொடுத்தவர் கணக்கில் அதெல்லாம் வட்டி; அசல் 50,000 அப்படியே நிற்கிறது.

அதே கடன், அதே 5,000, ஆனால் மாதம் ஒரு வட்டி. முதல் மாதம் வட்டிக்கு 500 போக 4,500 அசலில் கழியும். அடுத்த மாதம் வட்டி இன்னும் குறையும். பதினோராவது மாதம் மூவாயிரத்துக்கும் குறைவாகக் கட்டினால் கடன் தீர்ந்தது. மொத்தம் கட்டியது சுமார் 53,000.

ஒருவர் கணக்கில் ஒரு பைசாகூடக் குறையாத கடன், இன்னொரு கணக்கில் தீர்ந்து, மேற்கொண்டு இரண்டாயிரம் திரும்பி வர வேண்டிய கடன். கோர்ட்டில் நடக்கும் சண்டை முழுக்க எந்தக் கணக்கைப் போடுவது என்பதுதான். அதைத் தீர்மானிக்க நீதிபதிக்கு இரண்டு விவரம் வேண்டும்: கையில் எவ்வளவு கொடுத்தார், இதுவரை எவ்வளவு வாங்கினார். இரண்டுமே ரொக்கமாக, ரசீதில்லாமல் நடந்தவை.

காகிதம் என்ன சொல்கிறது

ஸ்டேஷனரிக் கடையில் அச்சடித்த புரோநோட்டு கட்டாகக் கிடைக்கும். “இன்று ரொக்கமாகப் பற்றிக்கொண்ட ரூபாய்” என்று ஓர் இடம் காலி. “மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ரூபாய்” என்று இன்னோர் இடம் காலி. “தாங்கள் கேட்கும்போது தங்களிடமாவது தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது” என்று ஒரு வாக்கியம் ஓடும். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. கந்து வட்டியில் நடப்பது, காலி இடங்களை நிரப்பாமலே கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான்.

அப்படி வாங்கினால் செல்லாது என்று நினைப்பவர்கள் பலர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1881-ஆம் ஆண்டின் செலாவணி ஆவணங்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வெற்றாகக் கொடுத்தவர், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். 118-ஆம் பிரிவு, நோட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பணம் கைமாறியிருக்கிறது என்றே தொடங்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் மேல் விழும்.

ஆகவே பத்தாயிரம் வாங்கியவரின் நோட்டில் ஒரு லட்சம் என்று எழுதி, வட்டிப் பத்தியில் “1” என்று போட்டுவிட்டால், காகிதத்தில் அது மாசுமருவற்ற கடன். வட்டி சட்ட வரம்புக்குள்ளேயே இருக்கிறது! கொள்ளை முழுக்க அசல் என்ற வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நோட்டின் பின்பக்கமும் முக்கியம். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் நடுவில் கொஞ்சம் பணம் கட்டியதாகக் கடனாளி கையெழுத்தோடு பின்பக்கம் வரவு எழுதினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். மூன்றாவது வருடக் கடைசியில் “சும்மா ஒரு நூறு ரூபாய் வரவு வெச்சுட்டுப் போங்க” என்று கூப்பிட்டு அனுப்புவதன் அர்த்தம் இது. அதுவரை மாதாமாதம் கட்டிய ஐயாயிரங்களுக்குப் பின்பக்கத்தில் ஒரு வரிகூட இருக்காது.

செக் இதைவிட வேகமானது. செக் திரும்பினால் கடன் கொடுத்தவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார். அது கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அதே 1881 சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். 2018 திருத்தத்துக்குப் பிறகு, குற்றத்தை மறுத்து வழக்கை நடத்துகிறவரிடமே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கடன் வாங்கியவர் பயப்படுவது வட்டிக்காரரின் ஆட்களுக்கு மட்டுமல்ல, இந்த 20 சதவீதத்துக்கும்தான்.

இதில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1. பீர் சிங் – முகேஷ் குமார் வழக்கு (2019): கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால், செக்கை வேறொருவர் நிரப்பினார் என்பது மட்டும் போதுமான எதிர்வாதம் ஆகாது.

2. பசலிங்கப்பா – முதிபசப்பா வழக்கு (2019): கையெழுத்து இருந்தால் கடனும் இருந்தது என்ற அனுமானத்தை உடைக்க முடியும். இவ்வளவு பணம் கொடுக்கக் கடன் கொடுத்தவரிடம் வசதி இருந்ததா என்ற நியாயமான சந்தேகத்தை எழுப்பினால், நிரூபிக்கும் பாரம் அவர் பக்கம் திரும்பும்.

3. தசரத்பாய் பட்டேல் வழக்கு (2022): செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதை வரவு வைக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138-ஆம் பிரிவு நிற்காது.

மூன்றாவது தீர்ப்பு கந்து வட்டிக்காரர்களுக்குப் பெரிய இடி. வெற்றுச் செக்கில் முழுத் தொகையை எழுதிப் போடுவதுதான் அவர்கள் வழக்கம். நடுவில் கட்டியதற்கு ஜிபே, போன்பே, பேங்க் டிரான்ஸ்ஃபர் என்று ஏதாவது தடயம் இருந்தால், அந்த வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். “அது வட்டிக்குக் கொடுத்தது, அசலுக்கு இல்லை” என்று அவர் சொல்லப் போனால், எத்தனை சதவீத வட்டி என்ற கேள்விக்குக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

பத்திரம்தான் மூன்றாவது ஆயுதம், பறிபோனால் திரும்ப வாங்குவது கடினமானதும் அதுவே. அடமானம் என்று எழுதாமல் கிரையமாகவோ, பவர் பத்திரமாகவோ, விற்பனை ஒப்பந்தமாகவோ பதிவு செய்துகொள்வார்கள். “பணம் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்” என்பது வாய்ப்பேச்சு. சொத்து மாற்றுச் சட்டப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானக் கிரையம். தனித்தாளில் எழுதினால் ஆகாது. பதிவான பத்திரத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியம் பொதுவாக எடுபடாது. ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது: அந்தப் பத்திரம் நடைமுறைப்படுத்த எழுதப்பட்டதே அல்ல, கடனுக்குப் பாதுகாப்பாக எழுதிய கண்துடைப்பு என்று காட்ட வாய்மொழிச் சாட்சியத்தை அனுமதிக்கலாம் என்று கங்காபாய் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரையம் எழுதிய பிறகும் வீடு யார் அனுபவத்தில் இருந்தது, வரியும் ஈ.பி. பில்லும் யார் கட்டினார்கள், விலை சந்தை மதிப்பில் எத்தனை பங்கு என்பதெல்லாம் அப்போது பேசும்.

மாதச் சம்பளக்காரர்களிடம் காகிதமே வேண்டாம். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் ஏறிய அன்று காலையில் எடுத்துவிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் அதே தேதி, அதே இயந்திரம், அதே தொகை என்று வரிசையாக நிற்கும். வட்டிக்காரர் விரும்பாமலே எழுதிக் கொடுத்த ரசீது அது.

ஒரே கடன், இரண்டு வழக்கு

இப்போது முதல் குழப்பத்துக்கு வரலாம். 2003 சட்டப்படியான வழக்கில் அரசு வழக்கு நடத்துகிறது. கேள்வி, அவர் அதீத வட்டி வாங்கினாரா, தொல்லை கொடுத்தாரா. செக் வழக்கில் கடன் கொடுத்தவர் புகார்தாரர். கேள்வி, இந்தச் செக் செல்லத்தக்க ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டதா. ஒன்று நடப்பதால் மற்றொன்று தானாக நிற்காது. முதல் வழக்கில் வெளிவரும் ஆதாரம் இரண்டாவதில் எதிர்வாதத்துக்குப் பயன்படும், அவ்வளவுதான்.

எது முதலில் வந்தது என்பதையும் நீதிமன்றங்கள் கவனிக்கும். செக் நோட்டீஸ் கைக்கு வந்த மறுவாரம் கந்து வட்டிப் புகார் கொடுத்தால், தப்பிக்கக் கொடுத்த புகார் என்ற வாதம் எழும். நிஜமாகவே அப்படிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்ட சொந்தக்காரர் மேல் இந்த 2003 சட்டத்தை ஏவுவதும் நடக்கிறது.

ரொக்கமாகக் கொடுத்த கடன் பற்றியும் சொல்ல வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடன் வாங்கக்கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. அந்த விதியை மீறிய கடன் செல்லவே செல்லாது என்று 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபோது பலரும் துள்ளிக் குதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வரித்துறை அபராதம் விதிக்கலாம், ஆனால் அந்தக் காரணத்தாலேயே கடன் செல்லாததாகிவிடாது என்பதுதான் இன்றைய நிலை.

பேங்க், ஃபைனான்ஸ்

“கிரெடிட் கார்டுக்கு மூணரை வட்டி வாங்குறாங்களே, அது கந்து வட்டி இல்லையா?” என்ற கேள்வி எப்போதும் வரும். சட்டப்படி இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவு, வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கைக் கோர்ட் பிரித்துப் பார்ப்பதைத் தடுக்கிறது. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தாது என்று 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி வரம்பையும் 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. வட்டியை நிறுவனமே நிர்ணயிக்கலாம், வசூல் முறைக்குத்தான் கட்டுப்பாடு.

தெருவில் கொடுப்பவர் 12 சதவீதத்தைத் தாண்டினால் குற்றம், கோட்டு போட்ட நிறுவனம் அதைப் போல் இரண்டு மடங்கு வாங்கினாலும் வியாபாரம். இந்த முரண் சட்டத்திலேயே இருக்கிறது; படிப்பவர் பிசகல்ல.

மாநில அரசுக்கு மிஞ்சியது வசூல் முறைதான். 2025 பிப்ரவரியில் கர்நாடகம் கட்டாய வசூலுக்கு எதிராக அவசரச் சட்டம் போட்டது. அந்த ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. பிறகு அது சட்டமானது. 2003 சட்டம் எவ்வளவு வட்டி என்று கேட்டது. இது எப்படி வசூலிக்கிறாய் என்று கேட்கிறது.

புகாரில் எது எடுபடும்

“கந்து வட்டி வாங்குறார், கொடுமை பண்றார்” என்ற மனு பெரும்பாலும் “சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க” என்ற பதிலோடு திரும்பும். அதே மனு கீழ்க்கண்டவற்றோடு போனால் அப்படித் திருப்புவது கஷ்டம்.

1. தேதி வாரியான கணக்கு. கையில் வாங்கியது எவ்வளவு, எழுதியது எவ்வளவு, எந்தெந்த மாதம் எவ்வளவு கட்டியது. வெறும் நோட்டுப் புத்தகக் கணக்கானாலும் அந்தந்த நேரத்தில் எழுதியிருந்தால் மதிப்பு உண்டு.

2. தண்டல் அட்டை. கட்டி முடித்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

3. மிரட்டல் நடந்த நாள், நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர் பெயர். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அழிக்கக்கூடாது. மிரட்டலுக்கும் பணம் பறிப்புக்கும் நியாய சன்ஹிதாவில் 351, 308 என்று தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. வட்டி விகிதத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் இவை நிற்கும்.

4. வெற்றாகக் கொடுத்த செக், புரோநோட்டு, பத்திரங்களின் பட்டியல். செக் நம்பர் தெரியாவிட்டால் செக்புக்கின் அடிக்கட்டையில் இருக்கும். இந்த நம்பர் வெற்றாகக் கொடுக்கப்பட்டது என்று செக் பேங்குக்குப் போவதற்கு முன்பே ஒரு புகாரிலோ வக்கீல் நோட்டீஸிலோ பதிவாகியிருந்தால், பிறகு அதில் ஏறும் தொகைமேல் சந்தேகம் விழும். சோதனைக்குப் போன போலீஸ் வெற்று நோட்டுகளைத் தேடியதும் இதற்காகத்தான்: நிரப்புவதற்கு முன்பு சிக்கினால் அது சாட்சியம், நிரப்பிய பின் அது கடன்.

சம்மன் வந்தால் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. சிவில் வழக்கில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால் நோட்டில் எழுதியது அப்படியே தீர்ப்பாகிவிடும். அப்புறம் சம்பள ஜப்தி. அப்போதும் மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது.

கடைசியாக, கடனை எப்படியோ கட்டி முடித்தவர்களுக்கு. நோட்டை அசலாகத் திருப்பி வாங்க வேண்டும், “முழுவதும் பைசல்” என்று எழுதி அவர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். கையெழுத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. “எங்கியோ வெச்சுட்டேன், தேடித் தர்றேன்” என்று சொன்னால், இந்தத் தேதியில் எழுதிய நோட்டு தொலைந்துவிட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைந்ததாகச் சொன்ன நோட்டு, மூன்று வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேறொருவர் பெயரில் கோர்ட்டில் வந்து நிற்பது உண்டு. “தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது” என்று அச்சடித்த அந்த வரி அதற்கும் இடம் கொடுக்கிறது.